நிலாவரையில் நீச்சல் பழகுவதில்லை: ரஷ்ய மொழியும் யாழ்ப்பாணத்து மாணவரும்

எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் நீந்தப் பழகுவது தோட்டக் கிணற்றில். முதுகில் வாழைக்குற்றியோ மூடி இறுக்கிய வெற்றுக் கானோ கட்டியிருக்கும். இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனை மேலே நிற்கிற அண்ணனின் கையில். புத்தூரிலிருந்து சுன்னாகம் போகிற வழியில் நிலாவரைக் கேணி இருக்கிறது. அடி காணாத கிணறு என்று பேர் பெற்றது. மேலே நன்னீர், கீழே போகப் போக உவர். அதற்குள் பிள்ளையை இறக்கி நீச்சல் பழக்கிய தகப்பன் ஒருவரையும் நான் அறியேன்.

மொழி விசயத்தில் மட்டும் நாம் நிலாவரைக்கே போகிறோம். உயர்தரம் எழுதிய பிள்ளை மருத்துவமோ பொறியியலோ படிக்க ரஷ்யாவுக்கு வெளிக்கிடுகிறது. பாஷை என்ன மாதிரி என்று கேட்டால், வீட்டிலும் முகவரிடத்திலும் ஒரே பதில்: "அங்க போனா தன்பாட்டில வந்திடும்." மொழிக்குள் மூழ்கினால் மொழி வரும் என்பது பொய்யல்ல. எப்போது, எவருக்கு, எவ்வளவு முன்னாயத்தத்தோடு வரும் என்பதே கேள்வி. அறுபது ஆண்டு அனுபவம், மொழி கற்றல் பற்றிய ஆய்வுகள், தமிழ் மொழியின் அமைப்பு ஆகிய மூன்றையும் வைத்து அதை இக்கட்டுரை பார்க்கிறது.

மொஸ்கோ போன முதல் தலைமுறை

ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாட்டு மாணவருக்கென்று 1960 பெப்ரவரியில் மொஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு அதற்கு கொங்கோத் தலைவர் பத்திரிஸ் லுமும்பாவின் பெயர் சூட்டப்பட்டது. 1992இல் பெயர் நீங்கி, 2023இல் திரும்பி வந்தது. இலங்கையிலிருந்து போன முதல் மாணவர்களில் ஒருவர், பிற்காலத்தில் மக்கள் விடுதலை முன்னணியை நிறுவிய றோகண விஜேவீர. மருத்துவம் படிக்கப் போன அவர் ரஷ்ய மொழியில் தேர்ந்தார். விடுமுறையில் மொல்டாவியாவின் பண்ணைகளில் கூலிவேலை செய்தார்.

அந்தப் பண்ணை வேலையில்தான் விசயம் இருக்கிறது. அன்றைய சோவியத் ஏற்பாட்டில் வெளிநாட்டு மாணவர் நேரே பாடவகுப்புக்குப் போகவில்லை. முதல் ஓராண்டு ஆயத்தபீடம். அங்கே ரஷ்ய மொழிதான் முதற் பாடம், அதையும் ரஷ்ய மொழியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். விடுதி அறையில் வெளிநாட்டவரோடு ஒரு சோவியத் மாணவரையும் சேர்த்துவிடுவது வழக்கமாக இருந்தது. கோடையில் மாணவர் கட்டுமானப் படையணிகளோடு வேலைக்குப் போகலாம். வகுப்பு, அறை, வேலைத்தலம் மூன்றிலும் ஒரே மொழி. 1966இல் தொடங்கிய புஷ்கின் ரஷ்யமொழி நிறுவனம், பிறநாட்டவருக்கு ரஷ்யம் கற்பிப்பதைத் தனித் துறையாகவே வளர்த்தது. ஆக, "போனால் வந்திடும்" என்று நாம் நினைவில் வைத்திருக்கிற அந்தத் தலைமுறைக்கு மொழி தன்பாட்டில் வரவில்லை. ஓர் அரசு திட்டமிட்டுக் கட்டிவிட்ட கயிறு அவர்களின் இடுப்பில் இருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்களுக்கு வேறு காரணங்களும் இருந்தன. 1971இல் வந்த தரப்படுத்தல், தமிழ் மாணவருக்கு மருத்துவ, பொறியியல் பீடங்களின் வாசலை ஒடுக்கியது. சோவியத் புலமைப்பரிசில் இன்னொரு வாசலைத் திறந்தது. 1964 அளவில் பொதுவுடைமைக் கட்சி இரண்டாகப் பிரிந்தபோது, வடக்கில் சாதியொடுக்குமுறைக்கு எதிராகக் களத்தில் நின்றவர்களில் பலர் நா. சண்முகதாசன் தலைமையிலான பீக்கிங் பக்கம் போனார்கள். புலமைப்பரிசிலோ மொஸ்கோ பக்கம் இருந்தது. எங்கள் ஊர்களில் ரஷ்யாவைப் பற்றி அதிகம் பேசியவர்களும் ரஷ்யாவுக்குப் போய்ப் படித்தவர்களும் எப்போதும் ஒரே ஆட்கள் அல்ல.

தமிழிலேயே தெரிந்த ரஷ்யா

வீட்டிலிருந்தே ரஷ்ய மொழி கற்ற மரபு நம்மிடம் ஏன் வளரவில்லை? காரணம் சற்று வேடிக்கையானது. ரஷ்யாவை நாங்கள் தமிழிலேயே பெற்றுவிட்டோம். மொஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும், 1980களில் ராதுகாவும் அச்சிட்ட கெட்டி அட்டைத் தமிழ்ப் புத்தகங்கள் தேநீர்க் காசுக்குக் கிடைத்தன. கோர்க்கியின் 'தாய்' தொ.மு.சி. ரகுநாதனின் தமிழில் ஆங்கிலம் வழியாக வந்தது. பின்னர் ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் போன்றோர் மொஸ்கோவிலேயே தங்கி மொழிபெயர்த்தனர். நூல்நிலையத்தில் தல்ஸ்தோயைத் தமிழில் எடுத்து வந்த வாசகருக்கு ரஷ்ய அரிச்சுவடியைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபோது அந்தப் புத்தக வரத்தும் நின்றது. நம் கையில் கதைகள் மிஞ்சின; மொழி மிஞ்சவில்லை.

மறுபக்கத்தில், ரஷ்யர் தமிழ் கற்ற கதை வேறு. தமிழ்–ரஷ்ய அகராதி ஒன்றை பியாத்திகோர்ஸ்கியும் ரூதினும் 1960இலேயே வெளியிட்டார்கள். அந்திரோனவ் குழுவினரின் ரஷ்ய–தமிழ் அகராதி 1965இல் வந்தது. சங்க இலக்கிய ஆய்வாளர் அலெக்சாந்தர் துபியான்ஸ்கி மொஸ்கோவிலேயே தமிழ் படித்தவர். 1978–79இல் சில மாதங்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தங்கித் தன் தமிழைத் தீட்டிக்கொண்டார். 2020 நவம்பரில் கொரோனாவால் இறக்கும்வரை மொஸ்கோவில் தமிழ் கற்பித்தார். அவருடைய வரிசையைக் கவனியுங்கள்: முதலில் வீட்டில் இலக்கணமும் வாசிப்பும், பிறகு அந்த மொழியின் ஊரில் பேச்சு. நாங்கள் செய்வது இதற்குத் தலைகீழ்.

விரும்பாமல் மூழ்கியவர்கள்

ரஷ்ய மண்ணில் இறங்கிய இன்னொரு கூட்டமும் உண்டு. புலமைப்பரிசில் கணக்குகளில் அவர்கள் இல்லை. 1980களில் அகதிகளாக ஏரோபுளொட் விமானம் ஏறி, மொஸ்கோவில் மாறி, கிழக்கு பெர்லினில் இறங்கி மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தவர்களுக்கு மொஸ்கோ ஒரு கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த விமான நிலையம். அந்த வழி அடைபட்ட பிறகு, 1990களில் போனவர்களில் பலர் மொஸ்கோவிலும் உக்ரேனிலும் மாதக்கணக்காகச் சிக்கிக் கிடந்தார்கள். முகவர் அடைத்து வைத்த வீட்டில் பத்துப் பேர், வெளியே போகக்கூடாது, பாண் வாங்க ஒருவர் மட்டும் போவார். அந்த ஒருவருக்கே கொஞ்சம் ரஷ்யம் வந்தது. மற்றவர்களுக்கு "ஹ்லெப்" என்றால் பாண், "தவாய்" என்றால் எழும்பி நட. அவ்வளவுதான். ரஷ்ய மண்ணில் இருப்பது வேறு, ரஷ்ய மொழிக்குள் இருப்பது வேறு என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை.

ஆய்வுகள் சொல்வது

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், சென் லம்பேர்ட் என்ற ஊரில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் கேட்டதற்கிணங்க 1965இல் ஒரு வகுப்பு தொடங்கியது. பிள்ளைகளுக்கு எல்லாமே பிரெஞ்சில். மூழ்குமுறைக் கல்வி என்று உலகம் இன்று சொல்வதற்கு அதுவே ஊற்று. விளங்கக்கூடிய பேச்சையும் எழுத்தையும் போதிய அளவு பெற்றால் மொழி தானாக ஊறும் என்று மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் வாதிட்டார். கனடாவில் அந்த முறையில் படித்த பிள்ளைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின் 1985இல் மறுபக்கத்தைக் காட்டினார். பல்லாண்டு பிரெஞ்சு கேட்டு வளர்ந்த அந்தப் பிள்ளைகள் நன்றாக விளங்கிக்கொண்டார்கள். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் தடுமாறியது. கேட்பது மட்டும் போதாது, பேச வைக்கவும் வேண்டும் என்பது அவர் முடிவு.

நம் கேள்விக்கு மிக நெருங்கிய ஆய்வு ரஷ்ய மொழியைப் பற்றியதே. 1984க்கும் 1990க்கும் இடையில் சோவியத் நாட்டுக்கு ரஷ்யம் படிக்கப் போன அமெரிக்க மாணவர்களை பிரெக்ட், டேவிட்சன், கின்ஸ்பர்க் மூவரும் தொடர்ந்து கவனித்தார்கள். போகுமுன் இலக்கணமும் வாசிப்பும் உறுதியாக இருந்தவர்களே அங்கே கூடுதலாக முன்னேறினார்கள். வெறுங்கையோடு போனவர்களுக்கு ஊர் கொடுத்ததும் குறைவு. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: பேச்சில் பெண்கள் பெற்ற முன்னேற்றம் ஆண்களைவிடக் குறைவு. அந்நிய நகரத்தில் எவரோடும் எங்கும் துணிந்து பேசும் வாய்ப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. பெண்பிள்ளையைத் தனியே அனுப்புகிற யாழ்ப்பாணத்துப் பெற்றோர் இதை நினைவில் வைக்க வேண்டும். பிள்ளையை விடுதிக்குள் பூட்டி வைக்க அல்ல. பேசக்கூடிய பாதுகாப்பான ஆட்களைத் தேடிக் கொடுக்க.

தமிழே பாலம்

அமெரிக்க வெளிநாட்டுச் சேவைப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுவோருக்கு மொழிகள் எவ்வளவு கடினம் என்று வகைப்படுத்துகிறது. ரஷ்யம் படித்துத் தேற ஏறத்தாழ 1100 வகுப்பு மணித்தியாலம் வேண்டும் என்பது அதன் கணக்கு. அதே பட்டியலில், அதே படியில், தமிழும் நிற்கிறது. ஆங்கிலேயனுக்கு இரண்டும் ஒரே உயர மலை. தமிழனுக்கோ அந்த மலையின் பாதி ஏற்கெனவே வீட்டு முற்றம்.

ஆனால் நம் மாணவர் ரஷ்யத்தை ஆங்கிலப் புத்தகத்தின் வழியாகவே படிக்கிறார்கள். குளிர்கிறது என்று சொல்ல வேண்டுமா? ஆங்கிலத்தில் எழுவாய் 'நான்'. தமிழில் 'எனக்குக் குளிருது'. ரஷ்யத்தில் 'ம்னியே ஹோலத்னா': சொல்லுக்குச் சொல் 'எனக்குக் குளிர்'. வயதும் அப்படியே, 'எனக்கு இருபது'. பிடித்தமும் அப்படியே, 'எனக்குப் பிடிக்கும்'. 'நான் மாணவன்' என்பதில் நாமும் வினைச்சொல் போடுவதில்லை, அவர்களும் போடுவதில்லை. 'என்னட்டப் புத்தகம் இருக்கு' என்று யாழ்ப்பாணத்தில் சொல்வதை ரஷ்யனும் அப்படியே சொல்கிறான். இத்தனையையும் ஆங்கிலத்துக்கு மாற்றி, அங்கிருந்து ரஷ்யத்துக்கு மாற்றுவது, புத்தூரிலிருந்து அச்சுவேலிக்குப் போக யாழ்ப்பாணம் பஸ் எடுப்பது போன்றது.

வேற்றுமையைப் பாருங்கள். ரஷ்யத்துக்கு ஆறு, நமக்கு எட்டு. 'பேனாவால் எழுதினேன்', 'தம்பியோடு போனேன்' இரண்டையும் நம் இலக்கணம் மூன்றாம் வேற்றுமைக்குள் அடக்குகிறது. ஆங்கில வழி படிக்கிறவருக்கு இரண்டும் ஏன் ஒரே வேற்றுமை என்று புரிவதில்லை. ரஷ்யமும் அந்த இரண்டையும் ஒரே வேற்றுமையில்தான் வைத்திருக்கிறது. 'தம்பியோடு' என்பதற்கு மட்டும் முன்னால் ஓர் இடைச்சொல் சேரும். வினையெச்சமும் பெயரெச்சமும் அவர்களுக்கும் உண்டு. ரஷ்யம் படிக்கிற எல்லோரையும் அழவைப்பது, வினை முற்றுப்பெற்றதா இல்லையா என்று ஒவ்வொரு முறையும் தெரிந்தெடுக்கிற வேலை. 'புத்தகம் வாசிச்சன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாசிச்சிட்டன்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளையும் அறியும். எல்லா இடத்திலும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டாலும், நுழைவதற்கு இதுவே நல்ல வாசல்.

விடைபெறும் சொல்லில்தான் வேடிக்கை. 'போறன்' என்று சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டால் அம்மா ஏசுவார். 'போட்டு வாறன்' என்பதே முறை. ரஷ்ய நண்பன் கதவடியில் நின்று 'யா பஷோல்' என்பான்: 'நான் போயிட்டன்'. ஆள் இன்னும் வாசலில்தான் நிற்பான். போதல் வினையை அவர்கள் நடந்தா வாகனத்திலா, ஒரு வழியா போய்வருதலா என்று கூறுபோட்டு வைத்திருக்கிறார்கள். நேற்றுக் கடைக்குப் போனேன் என்பதற்கு அவர்கள் இயல்பாக எடுக்கிற வினையில், போய்த் திரும்பியதும் சேர்ந்திருக்கும். 'போய் வருதல்' நம் நாக்கில் ஊறிய சொல். அதைப் பிடித்துக்கொண்டு போனால் பாதி வழி வந்தாயிற்று.

பெயரிலும் உறவு இருக்கிறது. ரஷ்ய ஆசிரியரைப் பெயர் மட்டும் சொல்லிக் கூப்பிட முடியாது. தகப்பன் பெயரையும் ஒட்ட வேண்டும். தகப்பன் பெயரின் முதலெழுத்தைச் சுமந்து திரிகிற நமக்கு அது புதினமல்ல. நீ, நீங்கள் என்ற வேறுபாடும் அங்கே உண்டு.

ஒலியில் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. ரஷ்யத் தகரம் பல்லில் நாக்குப்படும் நம் 'த'. ஆங்கிலப் பழக்கத்தில் அதை 'ட' ஆக்குகிறவர் வீணாகக் கெடுக்கிறார். வெள்ளைக்காரர் திணறுகிற ஒரு ரஷ்ய உயிர், 'பாட்டு' என்பதன் கடைசியில் ஒலிக்கும் நம் குற்றியலுகரத்துக்கு அருகில் நிற்கிறது. நட்டம் வல்லினத்தில். ரஷ்யத்தில் வீடு ஒரு சொல், நூலின் பாகம் இன்னொரு சொல். தமிழ் எழுத்தில் இரண்டும் 'தோம்'. அதிர்ந்தொலிப்பதையும் ஒலியாததையும் ஒரே எழுத்தால் எழுதுகிற நம் காது, இந்த இடத்தில் புதிதாகப் பழக வேண்டும். அழுத்தம் விழாத 'ஒ', 'அ' ஆகிவிடும். எழுத்தில் ஒகரமாக இருக்கிற பால், வாயில் 'மலகோ'. ஆண்பால், பெண்பால் என்ற பாகுபாடும் சொல்லுக்குச் சொல் மாறும்: மேசை ஆண், புத்தகம் பெண், யன்னல் இரண்டுமல்ல. உயர்திணை, அஃறிணை என்று பிரித்துப் பழகிய நமக்கு இதற்குக் குறுக்குவழி இல்லை. சொல்லோடு சேர்த்தே பாடமாக்க வேண்டும்.

விடுதிக்குள் ஒரு குட்டி யாழ்ப்பாணம்

இன்று ரஷ்யப் பல்கலைக்கழகங்களில் மருத்துவத்துக்கு ஆங்கிலமொழிப் பிரிவு உண்டு. அதனால் ஆயத்த ஆண்டு தேவையில்லை என்று விளம்பரப்படுத்துகிறார்கள். முதலிரண்டு ஆண்டு அது உண்மைபோலத் தெரியும். வகுப்பில் ஆங்கிலம், அறையில் தமிழ், சமையலறையில் ஊர்த் தூள்போட்ட கறி, இரவில் வீட்டோடு வட்ஸ்அப். ரஷ்யம் என்பது கடைக்காரரிடம் சொல்கிற "ஸ்பசீபா" மட்டும்.

மூன்றாம் ஆண்டில் வாட்டுக்குள் போக வேண்டும். கட்டிலில் கிடக்கிற கிழவிக்கு ஆங்கிலம் தெரியாது. "ஷ்தோ வாஸ் பெஸ்பகோயித்?" (உங்களுக்கு என்ன செய்கிறது?) என்று கேட்கத் தெரிந்தாலும், கிழவி சொல்லப்போகிற பதில் விளங்க வேண்டுமே. தலை நோகிறதா, தலை சுற்றுகிறதா, குத்துகிறதா, எரிகிறதா? நோயாளியின் சொல்லில்தான் நோய் இருக்கிறது. அது விளங்காத மாணவர் சக மாணவரின் குறிப்பைப் பார்த்து எழுதிக்கொண்டு திரும்புவார். நாடு திரும்பியதும் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான மருத்துவப் பதிவுப் பரீட்சை காத்திருக்கிறது. கட்டிலடியில் இழந்ததை அங்கே ஈடுசெய்வது கடினம்.

மொழி தெரியாமையின் விலை இதைவிடக் கொடியதாகவும் இருக்கலாம். ரஷ்ய இராணுவத்தில் சேர்க்கப்பட்ட இலங்கையர் 554 பேர் என்றும், அவர்களில் 59 பேர் இறந்துவிட்டனர் என்றும் 2025 பெப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வெளிநாட்டமைச்சர் தெரிவித்தார். வேறு வேலை என்று நம்பிப் போய், வாசிக்கத் தெரியாத ரஷ்யப் பத்திரத்தில் ஒப்பமிட்டவர்களின் கதைகள் யாழ்ப்பாணத்துக்கும் வந்து சேர்ந்தன. அரிச்சுவடி தெரிந்திருந்தால் எல்லோரும் தப்பியிருப்பார்கள் என்று சொல்ல வரவில்லை. எதில் ஒப்பமிடுகிறோம் என்று கேட்கவாவது வாய் இருந்திருக்கும்.

ஊரிலிருந்தே செய்யக்கூடியது

மூழ்குவதற்கு விமானச்சீட்டு கட்டாயமில்லை. தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கடைகளுக்கு ரஷ்ய நிபுணர்கள் வரத் தொடங்கிய பிறகு, பள்ளிக்கூடப் பாடமாக ரஷ்யம் படிக்காத வியாபாரிகளும் விலையும் நிறையும் அந்த மொழியில் சொல்லப் பழகினார்கள். 2024இல் ஏறத்தாழ இரண்டு இலட்சம் ரஷ்யர் இலங்கைக்கு வந்தனர். தெற்குக் கடற்கரையின் முச்சக்கரவண்டிக்காரரும் இளநீர்க்காரரும் தெருவிலேயே ரஷ்யம் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரிந்தது நூறு சொல்லாக இருக்கலாம். ஆனால் நாள்தோறும் புழங்கிய நூறு சொல். கொழும்பு ரஷ்ய இல்லத்தில் மொழி வகுப்பு நடக்கிறது, களனிப் பல்கலைக்கழகத்தில் பாடமாகவும் படிக்கலாம். புத்தூருக்கு இரண்டும் தூரம். இங்கே ரஷ்யர் வரத்தும் இல்லை. கையில் போன் இருக்கிறது, நேரமும் இருக்கிறது.

உயர்தரப் பரீட்சைக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் இடையில் நம் பிள்ளைகளுக்கு ஓராண்டோ அதற்கு மேலோ கிடைக்கிறது. முதல் மாதம் 33 எழுத்தும் ஒலியும். ஆங்கில எழுத்தில் ரஷ்யம் எழுதும் பழக்கத்தை அன்றே விட்டுவிட வேண்டும். அடுத்து, தமிழ் வேற்றுமை அட்டவணையின் பக்கத்தில் ரஷ்ய அட்டவணை. வாளி, கதவு, சட்டி, சீனிப் போத்தல் எல்லாவற்றிலும் பெயர் ஒட்டலாம். ஆனால் பெயர்ச்சொல்லோடு நிற்காமல் 'வாளியில் தண்ணீர்', 'வாளி இல்லை' என்று வேற்றுமையோடு ஒட்ட வேண்டும். இரவில் ஒரு குழந்தைச் சித்திரப்படம்: 'மாஷாவும் கரடியும்', அல்லது ஓநாய் முயலைத் துரத்தித் தோற்கும் பழைய 'நு, பகதீ!'. 'பொறு, உனக்குக் காட்டுறன்' என்பதுதான் அந்தத் தலைப்பு. அதில் பேச்சு குறைவு. படமே பாதி சொல்லிவிடும். ஸ்வெயின் சொன்னதை மறக்காமல், கேட்டதைத் திருப்பிச் சொல்லவும் வேண்டும். வெளிக்கிடப் போகிற மூன்று நான்கு பிள்ளைகள் ஒரு வீட்டு விறாந்தையில் கூடி, வாரத்தில் இரண்டு மாலை வேறு மொழி பேசுவதில்லை என்று இருந்தால், ஆயத்தபீடத்தின் ஒரு மூலை புத்தூரிலேயே முளைத்துவிடும்.

இலக்கும் கண்ணுக்கெட்டாதது அல்ல. ரஷ்ய அரசின் மொழித்தேர்வில் ஆரம்பப் படிக்கு ஏறத்தாழ 780 சொல், அடுத்ததற்கு 1300. ரஷ்ய மொழியிலேயே பல்கலைக்கழகத்தில் படிக்கத் தேவையான முதற் சான்றிதழுக்கு 2300. நாளொன்றுக்கு ஐந்து சொல் என்றாலும், ஓராண்டில் இரண்டாம் படியைத் தாண்டிவிடலாம். மூன்றாம் படியை அங்கே போய் ஏறட்டும். அப்போது அந்த ஊரே அவர்களுக்கு ஆசிரியராகும்.

ஆக என் முடிவு இது. வீடா வெளிநாடா என்பது பிழையான கேள்வி, வரிசையே கேள்வி. இலக்கணமும் வாசிப்பும் வீட்டில், தமிழின் துணையோடு. பேச்சு அங்கே, தமிழரல்லாத அறைத்தோழரோடு. முகவருக்குக் கட்டுகிற காசில் சிறு பங்கையாவது மொழிக்குச் செலவிடுங்கள். நம் தமிழாசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: ரஷ்யா போய்ப் படித்து வந்த மருத்துவர்களும் பொறியியலாளர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து, தமிழ் வழியாக ரஷ்ய இலக்கணம் சொல்லும் நூறு பக்கப் புத்தகம் ஒன்றை எழுதுங்கள். கிணற்றுக்கட்டில் நிற்கிற அண்ணனின் கையில் கொடுக்க அந்தக் கயிறு போதும்.